கால் இழுத்தது, முகம் திரும்பவில்லை: நரம்பு சம்பந்தப்பட்ட உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

சோபாராஜா:
எங்கள் டாஷ்ஹண்ட் நாய் சோபாவிலிருந்து குதித்தான், கத்தினான், மறுநாள் காலை இரண்டு பின்னங்கால்களையும் தேய்த்துக்கொண்டு வந்தான். இந்த இனத்துக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

மனதில் நிற்பது கிளினிக்கில் நடந்தது. டாக்டர் பின்னங்கால் விரலிடுக்கில் கிள்ளினார். கால் வெடுக்கென்று மடங்கியது. என் மனைவி "உணர்ச்சி இருக்கு, உணர்ச்சி இருக்கு" என்று அழுதேவிட்டாள். டாக்டரோ காலைப் பார்க்கவே இல்லை, நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடுக்கியை எடுத்து விரல் எலும்பிலேயே நன்றாக அழுத்தினார். கால் மறுபடி மடங்கியது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை, முனகவில்லை. "கால் இழுக்கறது தண்டுவடத்தோட முடியற வேலை. வலி மூளைக்குப் போச்சான்னு முகம்தாங்க சொல்லும்" என்றார். ஆழ்ந்த வலி தெரியாவிட்டால் அறுவை சிகிச்சை செய்தாலும் ஏறக்குறைய பாதி வாய்ப்புதானாம். அன்றே செய்தோம்.

இப்போது கோணலாக நடக்கிறான். ஆனால் குளிப்பாட்டும்போது பின்னங்காலைத் தொட்டால் இழுக்கிறானே, அது அவனா, தண்டுவடமா?

வெள்ளாட்டுப்பட்டி:
தப்பா எடுத்துக்க வேண்டாம் அண்ணா, வலிக்காமல் எந்த உயிரும் காலை இழுக்காது. டாக்டர்கள் இப்படிச் சொல்லித்தான் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறார்கள். கறிக்கடையில் கழுத்தறுத்த கோழி துள்ளுவதைப் பார்த்ததில்லையா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒன்று தலையில்லாமல் என் பக்கமாகவே ஓடிவந்து பாவாடையில் மோதியது. அதற்குப் பிறகு நான் கோழி அறுக்கும் இடத்தில் நிற்பதில்லை. அது வலிதான், வேறென்ன?

வேப்பேரி மாணவி:
அக்கா, நீங்கள் சொன்ன கோழியே டாக்டர் சொன்னதற்குச் சாட்சி. வலியை உணர மூளை வேண்டும், அது தலையோடு போய்விட்டது. காலையும் சிறகையும் மாற்றி மாற்றி அசைக்கும் நரம்புச் சுற்றுகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. மேலிருந்து அடக்கி வைத்த மூளை இல்லாமல் போனதும் அவை பாட்டுக்கு ஓடுகின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் மைக் என்ற சேவல் 1945இல் தலை வெட்டுப்பட்டு ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தது வேறு கதை. கோடரி கழுத்தில் விழாமல் சற்று மேலே விழுந்ததால் மூளைத்தண்டு தப்பிவிட்டது, மூச்சும் இதயமும் அங்கிருந்து நடந்தன, தீனியைத் தொண்டைக்குள் சொட்டுவிட்டார்கள்.

நாய்க்கும் டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் கடைசி விலா எலும்பை ஒட்டித்தான். பின்னங்காலுக்கான நரம்புகள் புறப்படுவது அதற்கும் பின்னால், அந்தப் பகுதி சேதமில்லாமல் இருக்கும். அதனால் கால் மடங்கும். செய்தி மேலே போகாது.

என் கதை சின்னது. கன்று போட்ட மாட்டுக்குக் கருப்பை முழுதாக வெளியே தள்ளிவிட்டது. மாடு முக்க முக்க, உள்ளே தள்ளியதெல்லாம் திரும்பி வந்தது. சீனியர் டாக்டர் வாலை மேலும் கீழும் ஆட்டி, அடிவாலில் அசைகிற மூட்டை விரலால் தேடி, ஊசி இறக்கி மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் 5 மில்லி போட்டார். அதுவரை என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்த வால் என் கையிலேயே தொங்கிப்போனது. முக்கல் நின்றது. காலுக்கான நரம்பு இன்னும் முன்னால் கிளம்புவதால் மாடு நின்றபடியே இருந்தது. அவர் முழங்கை வரை உள்ளே விட்டுக் கருப்பையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், அது முன்னால் கிடந்த வைக்கோலை இழுத்துத் தின்கிறது. ஒரே உடம்பில் இரண்டு மாடு நிற்பதைப் பார்த்தேன் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.

சோபாராஜா:
நன்றிம்மா. வாலாட்டுகிறானே, அதை நம்பலாமா?

வேப்பேரி மாணவி:
பின்பக்கம் துடைக்கும்போது ஆடினால் கணக்கில் சேர்க்காதீர்கள். எதையாவது கண்டு ஆட்டினால் நல்ல சேதி, மூளையிலிருந்து வால் வரை வழி திறந்திருக்கிறது.

சோபாராஜா:
சாப்பாட்டுத் தட்டைக் கண்டு ஆட்டுகிறான். என்னைக் கண்டு இல்லை.

கறவைக்காரன்:
எங்கள் ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்ட மறுநாள் படுத்தது எழவில்லை. தலையை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டது, காது ஜில்லென்று இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சூடு போட இரும்பைக் காய வைத்துவிட்டார். டாக்டர் வந்து கழுத்து ரத்தக்குழாயில் கால்சியம் பாட்டிலை மெல்ல மெல்ல ஏற்றினார். பாதியில் ஒரு பெரிய ஏப்பம். சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று கன்றைத் தேடியது. அடுப்பில் இரும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

கறவை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இதற்குப் பால்சுரம் என்று பேர்தான், கால்சியம் குறைந்து தசை தளரும், உடம்புச் சூடு இறங்கும். கன்று போட்ட முதல் மூன்று நாள் கவனம். படுத்த மாட்டை ஒருக்களித்து விடாதீர்கள், நெஞ்சு தரையில் படும்படி இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பிப் போய்விடும். வாயில் எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் சேர்ந்துதான் தளர்ந்திருக்கிறது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். கால்சியத்தை மருந்துக்கடையில் வாங்கி நீங்களே ரத்தக்குழாயில் ஏற்றாதீர்கள். வேகமாக ஏறினால் இதயம் அங்கேயே நிற்கும், அதனால்தான் டாக்டர் ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதாஸ்கோப் என்று நிற்கிறார். முதல் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். எழுந்த மாடு மறுநாள் திரும்பப் படுப்பதும் உண்டு, டாக்டர் நம்பரை அழித்துவிடாதீர்கள். யாரும் கேட்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் வருடா வருடம் பார்க்கிறேன்.

பொமரேனியன் அம்மா:
கறவைக்காரன் சார், கால்சியம் குறைந்தால் தளரும் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். மாட்டுக்கு அப்படி. எங்கள் பொமரேனியன் ஐந்து குட்டி போட்டு மூன்றாவது வாரம், நாலு காலும் விறைத்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கி, தொட்டால் கை சுடுகிற காய்ச்சல். விஷம் வைத்துவிட்டார்கள் என்று நான் எதிர்வீட்டுக்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஏற்றியது அதே கால்சியம்தான்! ஊசி ரத்தக்குழாயில் இருக்கும்போதே கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. நாய்க்குக் கால்சியம் குறைந்தால் நரம்பு யாரும் தூண்டாமலே தானாகக் கட்டளை அனுப்ப ஆரம்பிக்கிறதாம். மாட்டில் நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே கட்டளை நின்றுபோகிறதாம். ஒரே குறைக்கு ஒன்று இரும்பாகிறது, ஒன்று துணியாகிறது. குட்டிகளை ஒரு நாள் புட்டிப்பாலுக்கு மாற்றச் சொன்னார்.

கறவைக்காரன்:
நான் மாட்டைப் பற்றித்தானே எழுதினேன் மேடம்.

மேற்குத்தெரு:
என் தாத்தா சூடு போட்டு எழுப்பிய மாடுகள் உண்டு. எல்லாவற்றையும் மூடப்பழக்கம் என்று சொல்ல வேண்டாம்.

வேப்பேரி மாணவி:
எழுந்திருக்கும் ஐயா. பெரிய கன்றை இழுத்து எடுத்தால் இடுப்புக் குழிக்குள் போகும் நரம்பு நசுங்கி, பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து மாடு விழும். வெறும் நசுங்கலாக இருந்தால் சில நாளில் தானே சரியாகும். அதற்குள் சூடு போட்டிருந்தால் பேர் சூட்டுக்குப் போகும். வழுக்காத தரையும், கால் விரியாமல் தளர்வாக ஒரு கட்டும் போதும்.

ஏரிக்கரை:
எல்லோரும் எழுந்த மாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுடையது எழவில்லை.

வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், தீனி எடுக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, கத்தினால் குரல் கரகரப்பு. மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று அப்பா கையை முழங்கை வரை விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், மாடு கத்தியதைக் கேட்டதும் ஓர் அடி பின்னால் வைத்தார். "நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார். அதற்குச் சில வாரம் முன்பு மூக்கில் ஒரு காயம் இருந்தது, முள் கிழித்தது என்று நினைத்திருந்தோம்.

வெறிநோய் என்று சந்தேகம், அது எச்சில் வழியாகக் கீறலுக்குள் போகும். அடுத்து அவர் மாட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்தார். கை முழுக்க அறுத்த வைக்கோல் கீறல். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கூடவே நின்று கழுவ வைத்தார். அரசு மருத்துவமனையில் கீறல்களைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) ஊசி, தோலுக்குள் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள். அப்பா நன்றாக இருக்கிறார். மாடு அந்த வாரமே போய்விட்டது. கடித்த இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் போவதில்லை, நரம்பைப் பிடித்து ஏறுகிறது. மூக்கிலிருந்து மூளைக்கு எவ்வளவு தூரம்? மாட்டுக்கு வெறி என்றால் முட்டும், பாயும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இது சும்மா நின்றுகொண்டு எச்சில் விட்டது. அந்த ஓர் அடியை டாக்டர் பின்னால் வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் நான் இதுவரை பேசியதில்லை.

கறவைக்காரன்:
எங்கள் பக்கம் தொண்டையில் அடைத்தால் கையை விட்டுத்தான் எடுப்பார்கள். இனி என்ன செய்வது?

ஏரிக்கரை:
எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரலும் மாறியிருந்தால் கை வேண்டாம், டாக்டர் வரட்டும். நாய் கடித்தது கண்ணில் பட்டால் மாட்டின் காயத்தையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறையோடு. கடிபட்ட மாட்டுக்கும் தவணை தவணையாகத் தடுப்பூசி உண்டு, அறிகுறி வருமுன் தொடங்க வேண்டும்.