லெவோர்க் வேகன்: இறக்குமதி, கடன், வெள்ளவத்தைச் சாய்தளம்

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். பதினொரு வருடங்கள் ஓடிய எங்கள் செடான் காரைச் சென்ற மாதம் விற்றுவிட்டோம். வீட்டில் நானும் மனைவியும் இரு பிள்ளைகளும், எங்களுடன் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவின் மடக்கும் சக்கர நாற்காலியைப் பழைய காரின் டிக்கியில் வைத்தால் வேறு எதற்கும் இடமிராது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாழ்ப்பாணம் போகிறோம். திரும்பும்போது மாம்பழப் பெட்டியும் ஒடியல் மாவும் பிள்ளைகளின் மடியில்தான் வரும். எஸ்.யூ.வி. வாங்கச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அதன் உயரத்தில் அம்மா ஏறமாட்டார், எனக்கும் அதை ஓட்டுவதில் இன்பமில்லை. ஆகவே அவ்வளவு உயரமில்லாத, டிக்கி பெரிய வேகனான சுபாரு லெவோர்க்கில் மனம் நிற்கிறது. 2.4 லீற்றர் இயந்திரமுள்ள எஸ்.ரி.ஐ. ஸ்போர்ட் ஆர் என்ற வகையை யப்பானிலிருந்து எடுப்பிப்பதா, 1.8 லீற்றர் வகையுடன் திருப்தியடைவதா? லீசிங் (தவணைமுறை வாகனக் கடன்) எடுத்தால் எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும்? அன்றாடப் பாவனைக்கு இது ஏற்றதா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

நிதித்துறையில் இருப்பவன் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாகனக் கடனுக்கு மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் கார்களுக்கு அது வாகனப் பெறுமதியில் 60 சதவீதமாக இருந்தது. பின்னர் அதுவும் குறைக்கப்பட்டது. எனவே விலையில் பாதியாவது கையில் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, கையெழுத்திடும் வாரத்தில் நடைமுறையிலுள்ள வீதத்தைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது வட்டி. ஒரு நிறுவனம் 8 சதவீதம் என்றும் இன்னொன்று 14 சதவீதம் என்றும் சொன்னால் முதலாவதை நோக்கி ஓடவேண்டாம். 60 இலட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 8 சதவீதம் நிலையான வட்டி, அதாவது கட்டக் கட்டக் குறையாமல் முழுத் தொகையின் மீதே கணக்கிடும் வட்டி என்றால் வட்டி 24 இலட்சம், மாதத் தவணை 1,40,000 ரூபாய். அதே 60 இலட்சத்துக்குக் குறைந்துசெல்லும் மீதியின் மீது 14 சதவீதம் கணக்கிட்டால் தவணை ஏறத்தாழ 1,39,600 ரூபாய். பெயரளவில் ஆறு சதவீத வேறுபாடு, தவணையிலோ நானூறு ரூபாய். ஆகையால் சதவீதத்தைக் கேட்காமல் தவணை அட்டவணையை அச்சிட்டுக் கேளுங்கள்.

அந்த அட்டவணையில் இருபத்துநான்காவது வரியையும் பாருங்கள். மேற்சொன்ன 14 சதவீதக் கடனில் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 33.5 இலட்சம் கட்டியபின்பும் அசலில் 41 இலட்சத்துக்குக் கிட்டிய தொகை மீதியிருக்கும். நான் சொந்தமாக எடுத்த லீசிங்கை இடையில் முடிக்கப் போனபோதுதான் முற்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரிந்தது. இத்தொழிலில் இருந்துகொண்டே படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பம்பலப்பிட்டி ரமணன்:

நானாக எடுப்பித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் தொடங்கியது. இயந்திரக் கொள்ளளவு ஏற ஏற ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்குமான உற்பத்தி வரி வீதமும் ஏறும். 1,795 இலிருந்து 2,387 கன சென்ரிமீற்றருக்குத் தாவும்போது வீதமும் அளவும் ஒருங்கே உயர்கின்றன. அது போதாதென்று, பெற்றோல் வாகனத்தின் விலையும் காப்புறுதியும் கப்பற்கட்டணமும் சேர்ந்து 50 இலட்சத்தைத் தாண்டினால் மேற்பட்ட பகுதிக்குச் சொகுசு வரியும் உண்டு. சுங்க வரிகளையும் சேர்த்த தொகையின் மீதே 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) கணக்கிடப்படும். இவ்வளவையும் கொட்டி 275 குதிரை வலுவைக் காலி வீதி நெரிசலில் நிறுத்திவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று: தானே எடுப்பிப்பவர் வங்கியில் கடன் கடிதம் (எல்.சி.) திறக்கும்போதும் துறைமுகத்தில் வரி கட்டும்போதும் பணம் வைக்க வேண்டும், லீசிங் பணமோ பெரும்பாலும் பதிவின் பிறகே வரும். இடைப்பட்ட மாதங்களுக்கு வழியில்லாதவர், வந்திறங்கிய வாகனத்தை விற்பனையாளரிடம் வாங்குவதே மேல். அப்படி வாங்கினாலும் ஏலத் தாளை, அதாவது யப்பானிய ஏலத்தில் வாகனத்தின் நிலையைக் குறித்துத் தரும் தாளை, விடாதீர்கள். தரம் என்ற கட்டத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது விபத்தில் பட்டுத் திருத்திய வாகனம்.

தெகிவளை அண்ணாச்சி:

தம்பி, என்னிடம் இருப்பது 2016 ஆம் ஆண்டின் 1.6. ஓட்டுவதற்குச் சுகமான கார், டிக்கியைப் பற்றியும் குறை சொல்ல மாட்டேன். புதிய மாதிரியில் தளத்தின் கீழுள்ள அறையையும் சேர்த்து 561 லீற்றர். பின்னிருக்கை மூன்று துண்டாக மடிவதால் நாற்காலியை நீளவாக்கில் விட்டு இரு பக்கமும் பிள்ளைகளை இருத்தலாம். கவலை வேறிடத்தில். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 145 மில்லிமீற்றர்தான். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சாய்தளத்தின் அடியில், நாலு பேர் ஏறியிருந்தால், என் வண்டியின் முன் பம்பரின் கீழ் விளிம்பு "க்ரீச்" என்று உரசும். காவலாளி அந்தச் சத்தத்தைக் கேட்டே வாயிற்கதவைத் திறப்பார்.

பெற்றோலைப் பொறுத்தவரை 1.8 யப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென அமைந்தது, அங்கே அதன் ஒக்டேன் 89 க்குக் குறையாது. ஆகவே இங்குள்ள 92 போதும். 2.4 க்கு உயர்தரம் வேண்டும், அதாவது எப்போதும் 95 தான். ஐசைட் எக்ஸ் என்று விளம்பரம் காட்டுவார்கள். நெடுஞ்சாலை நெரிசலில் கையை விட்டு ஓட்டும் அந்த வசதி யப்பானிய வரைபடத்தையும் செய்மதியையும் நம்பியது, வவுனியாவில் அது விழிக்காது. அதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். கமராவால் முன்னே பார்த்து ஓட்டுநருக்கு உதவும் சாதாரண ஐசைட் இங்கும் வேலை செய்யும். ஆனால் அதன் கமராக்கள் முன்கண்ணாடியின் பின்னே இருப்பதால், கல் பட்டு கண்ணாடி மாற்றினால் அவற்றை மீண்டும் அளவிட வேண்டியிருக்கும். அச்செலவையும் காப்புறுதி ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அளவுநாடாவுடன் எங்கள் சாய்தளத்தில் குந்தியிருந்து பார்த்தேன். அடியில் இருக்கும் மடிப்பு அண்ணாச்சி சொன்னதைப் போலவே இருக்கிறது, ஆனால் சற்றுச் சரிவாகக் குறுக்கே இறங்கினால் தப்பலாம் போலத் தெரிகிறது. 2.4 ஐ மறந்துவிட்டேன். ஏற்கெனவே வந்திறங்கிய 1.8 ஒன்று தெரிந்தவர் மூலம் அகப்பட்டிருக்கிறது, பாதி விலையைக் கையிலிருந்து போடுகிறோம், ஏலத் தாளையும் தவணை அட்டவணையையும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிறோம். அவர் ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் முற்பணம்.