கார்ட்டூன் அணில் தேயிலைச் செடியில் நிற்காமல் வழுக்குகிறது: ப்ளெண்டர் (3டி அனிமேஷன் மென்பொருள்) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து 12 நிமிடச் சிறுவர் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். பிள்ளைகளும் தேயிலை மலையும் நிஜம், அவர்களோடு சுற்றும் மர அணில் மட்டும் அனிமேஷன். ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த காட்சிகளில் அணில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. போனைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் பின்னால் ஓடி எடுத்த இடங்களில்தான் தொல்லை. செடியை விட்டு மெல்ல வழுக்கி, கடைசியில் காற்றில் மிதக்கிறது.

எடுத்தது ஜூலையில், சாம்சங் ஏ54 போனில், 1080பி, 30 ஃப்ரேம். வீடியோவில் உள்ள புள்ளிகளைப் பின்தொடரும் ட்ராக்கிங்கும், அதை வைத்துப் போன் எப்படி அசைந்தது என்று கணிக்கும் கேமரா சால்வும் ப்ளெண்டர் 4.2இல். போன் வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது என்பதால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான 30க்கு மாற்றினேன். சத்தம் ஒத்துவந்தது, வழுக்கல் நிற்கவில்லை. லென்ஸின் குவியத் தூரத்தை ப்ளெண்டரையே கணிக்க விட்டும் பார்த்தாச்சு. சால்வ் எரர், அதாவது கணித்த கேமரா அசைவுக்கும் வீடியோவில் உள்ள புள்ளிகளுக்கும் இடையிலான பிழை, 4 பிக்சலுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. 1க்குள் வந்தால்தான் நிம்மதி.

ட்ராக்கிங் புள்ளி வைக்க அசையாத பொருளே ஃப்ரேமில் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இலை காற்றில் ஆடுகிறது, பின்னால் பனிமூட்டம் நகர்கிறது. போதாததற்குப் போனின் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) வேறு ஒவ்வொரு ஃப்ரேமையும் நகர்த்தி வெட்டியிருக்கிறது.

மறுபடி எடுக்கலாமே என்பீர்கள். அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியாச்சு, இப்போது வெறும் குச்சிதான் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஷாட்டுகளில் 3டி கேமரா சால்வை விட்டுவிட்டு, அணில் நிற்கும் செடியை மட்டும் 2டியில் ட்ராக் செய்து ஒட்டினால் சரியாக நிற்குமா?