எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பித்தப்பை ஆபரேஷன்: "இங்கே வசதி இல்லை" என்கிறார்கள், என்ன செய்யலாம்?

களப்பணியாளர், திருச்சி:
எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) செய்யத் தேதி குறித்தாகிவிட்டது. முதல்நாள் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றதும், "இங்கே வசதி இல்லை, செய்தே ஆகணும்னா தனி கிட்டுக்குப் பணம் கட்டுங்க, லிஸ்டில் கடைசியாத்தான் எடுப்போம்" என்று தனியார் மருத்துவமனையில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதியும் வைத்துவிட்டார்கள். அவர் கூலித் தொழிலாளி. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகள்) ஒழுங்காக எடுக்கிறார், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. மருத்துவரீதியாக இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா? சட்டத்தில் வழி உண்டா?

தியேட்டர் சிஸ்டர்:
நியாயமே இல்லை. எச்.ஐ.வி.க்கென்று தனித் தியேட்டரோ தனிக் கருவியோ கிடையாது. எல்லாருக்கும் செய்கிற அதே கழுவல், அதே ஸ்டெரிலைசேஷன் போதும். இவருக்குப் பயன்படுத்திய கருவி அடுத்தவருக்கு ஆகாது என்றால், அந்த மருத்துவமனையில் யாருக்குப் பயன்படுத்திய கருவியும் அடுத்தவருக்கு ஆகாது. கடைசியாக எடுப்பதற்கும் காரணம் இல்லை. சர்க்கரை உள்ளவரானால் வெறும் வயிற்றில் சாயங்காலம் வரை கிடப்பதுதான் மிச்சம்.

ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு சுமார் 0.3%. வைரல் லோடு அடங்கியிருந்தால் அதைவிட மிகக் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30%. 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பி ஒற்றைக் கையுறையோடு நிற்பதுதான் ஆபத்து, தொற்றின் ஆரம்ப வாரங்களில் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம்.

குத்துவது பெரும்பாலும் பிளேடையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்கும்போதும், கடைசியில் அவசரமாகத் தையல் போடும்போதும். ட்ரேயில் வைத்து எடுங்கள். திசுவை விரலால் அல்ல, ஃபோர்செப்ஸால் (இடுக்கி) பிடியுங்கள். இரட்டைக் கையுறையும் கண் கவசமும் எல்லாக் கேஸுக்கும் வேண்டியவை, அதற்குத் தனி கிட் கட்டணம் வாங்குவது அநியாயம். குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. பி.ஈ.பி. மருந்தை (குத்துப்பட்டபின் தொற்றைத் தடுக்க எடுப்பது) முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும்.

சட்ட உதவி மேசை:
எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017, அமலுக்கு வந்தது 10.9.2018. சிகிச்சை மறுப்பதையும், சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்பதையும் பிரிவு 3 தடை செய்கிறது, தனியாருக்கும் பொருந்தும். டெஸ்ட்டுக்கு விளக்கம் கேட்டறிந்த சம்மதம் தேவை என்கிறது பிரிவு 5. 'ப்ரீ-ஆப் டெஸ்ட்' என்ற பொதுக் கையெழுத்து அதற்கு ஈடாகாது, ஆகவே அந்தச் சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அட்டையில் சிவப்பு மை பிரிவு 8-இல் வரும்: சிகிச்சை தருபவருக்குத் தெரியலாம், வார்டுக்கே தெரியக் கூடாது.

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று நீங்களே கடிதம் எழுதி ஒப்புகை பெறுங்கள். பல புகார்கள் இந்த ஒரு தாள் இல்லாததால்தான் நிற்காமல் போகின்றன. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் இருந்தாக வேண்டும், கடிதம் அவருக்கு. அடுத்து மாநில ஆம்பட்ஸ்மேன் (இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரி): 30 நாளுக்குள் உத்தரவு, மருத்துவ அவசரமென்றால் கூடிய விரைவில், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 5,000 வரை. வழி தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு அழையுங்கள், இலவசம். கோர்ட்டுக்குப் போனால் பிரிவு 34-இன்படி பெயரை மறைத்தே வழக்கு நடத்தக் கேட்கலாம்.

மயக்க மருத்துவர்:
புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காக ஆபரேஷனைத் தள்ளாதீர்கள். குளிர் காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வலி வந்தால் அன்றே அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள்.

மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். ஆபரேஷன் அன்று காலையும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம், மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ஏ.ஆர்.டி.யில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து எடுப்பவர் கால்சியம், இரும்பு, ஆன்டாசிட் மருந்துகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ அதைப் போட வேண்டும். ஏ.ஆர்.டி.யில் ரிடோனாவிர் இருந்தால், ஆபரேஷனில் தரும் மிடசோலாம் (தூக்க மருந்து), ஃபென்டனில் (வலி மருந்து) இரண்டும் உடலில் நெடுநேரம் தங்கி மூச்சை அடக்கும், அளவைக் குறைக்க வேண்டும். ஏ.ஆர்.டி.யில் அட்டசனாவிர் எடுப்பவருக்கு வார்டில் வழக்கமாகப் போடும் பான்டாப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) கூடாது. போட்டால் அட்டசனாவிர் உடலில் சரியாகச் சேராது. இது அடிக்கடி விட்டுப்போகிறது.