தேங்காய்ப் புண்ணாக்கும் மில் தவிடும் மீல்வார்முக்குப் போடலாமா?

கோபாலபுரம் காடைப் பண்ணை:
வணக்கம். காடைக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் தீனியாக மீல்வார்ம் (தவிட்டில் வளரும் ஒரு வண்டின் புழு) வளர்க்கிறேன். இதுவரை கோதுமைத் தவிடு மட்டும்தான், இப்போது கட்டுப்படியாகவில்லை. பொள்ளாச்சி செக்கில் தேங்காய்ப் புண்ணாக்கும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ரைஸ் மில்லில் தவிடும் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படியே தட்டில் கொட்டலாமா, பக்குவம் ஏதாவது செய்ய வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
அப்படியே கொட்டாதீங்க தம்பி. புழுங்கல் தவிடா பச்சரிசித் தவிடா என்று மில்லில் முதலில் கேளுங்கள். பச்சரிசித் தவிட்டில் எண்ணெயைக் கெடுக்கும் நொதி அப்படியே இருக்கும், சில நாளில் சிக்கு வாடை வந்துவிடும். எங்கள் பக்கம் மட்டை அரிசிக்கு நெல்லை அவிக்கிறார்கள். அந்தச் சூட்டில் நொதி செத்துவிடுவதால் தவிடு கொஞ்ச நாள் தாங்கும். உமியும் தவிடும் ஒன்றாக வரும் ஹல்லர் மில் தவிடு என்றால் சலித்தே ஆக வேண்டும். அதில் கலந்திருக்கும் உமியைப் புழு தின்னாது. பிறகு புழுவின் எச்சத்தைச் சலிக்கும்போது அந்த உமி சல்லடையை அடைக்கும்.

அப்புறம் சூடு. மில் மூட்டையோடு மாவு வண்டும், தூசி மாதிரி ஊரும் பேனும் வரும். ஒரு தட்டில் ஏறினால் எல்லாத் தட்டுக்கும் பரவும். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் செத்துவிடும். நான் இரும்புச் சட்டியில் சிறு தீயில், கருகாமல், கை வைக்க முடியாத சூடு வரும்வரை புரட்டி மூடி வைப்பேன். பிறகு பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் போடுவது. சூட்டோடு அடைத்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

புண்ணாக்கில்தான் எனக்குப் பயம் அதிகம். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும், தவிடு கட்டி கட்டியாகும். பத்துப் பங்கில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் அந்தக் கட்டியே வேண்டாம். புழு பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதன் வயிற்றில் இருப்பது காடைக்குள் போகும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சை நஞ்சு ஏறிய கடலைப் புண்ணாக்கால்தான். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

மீனாட்சிபுரம் பறவைப் பிரியர்:
அண்ணன் சொன்னதோடு இதையும் கேளுங்கள்: குடோனில் வண்டைக் கொல்லும் விஷ மாத்திரை போட்ட மூட்டையா? எந்த மூட்டையானாலும் சின்ன டப்பாவில் கொஞ்சம் புழு விட்டு ஒரு வாரம் பார்த்த பிறகு தட்டுக்குக் கொண்டுபோங்கள். கப்பக்கிழங்கு (மரவள்ளி)த் தோலும் சிலர் போடுகிறார்கள். பச்சைத் தோலில் சயனைடு உண்டு, மெல்லிசாக நறுக்கி நல்ல வெயிலில் காய வைக்காமல் வேண்டாம்.

கோபாலபுரம் காடைப் பண்ணை:
நன்றிங்க. மில்லில் கேட்டேன், புழுங்கல் தவிடுதான். கோதுமைத் தவிட்டை முழுதாக நிறுத்திவிடலாமா?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
வேண்டாம் தம்பி. பாதியாவது அதுவே இருக்கட்டும். புழு வளர்ந்து வண்டாகி முட்டை வைக்கும் தட்டில் முழுக்கக் கோதுமைத் தவிடுதான் போடுங்கள். ஈரத்துக்குக் கேரட் துண்டு ஓரமாக வைத்து, மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள்.