கே.பி. சுந்தராம்பாளை நேரில் கேட்ட நாள்

எழுபதுகளின் தொடக்கம். ஈரோடு பக்கம் எங்கள் ஊர் முருகன் கோயில் திருவிழாவில் கே.பி.எஸ். அம்மா கச்சேரி. நான் பள்ளிக்கூடப் பையன். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. 'ஞானப் பழத்தைப் பிழிந்து' என்று விருத்தத்தை எடுக்குமுன் மைக்கைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். தேரடியில் பொரிகடலைக் கடை போட்டிருந்த மாமாவுக்கு அங்கேயே சொல் சொல்லாகக் கேட்டதாம். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்காரர் வரை எட்டும்படி பாடிப் பழகிய குரல் அல்லவா!

அன்றைக்கு எனக்கு அவர் 'திருவிளையாடல்' ஔவையார், அவ்வளவுதான். மீதியை அம்மிச்சி சொன்னார். 1908இல் கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். கொழும்பில் நாடகம் நடந்தபோது நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் சேர்ந்தார், பிறகு வாழ்க்கையிலும். 1933இல் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, இவருக்கு 25. அதன்பின் 1980இல் கண்மூடும்வரை வெள்ளைச் சேலைதான்.

இதைச் சொல்லி உச்சுக்கொட்டுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்த பெண்ணுக்கு சினிமாவில் என்ன இடம் இருக்கும்? அவர் 1935இல் சிவனடியார் நந்தனாராகவே ஆண் வேடம் கட்டினார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில்! பிறகு துறவி மணிமேகலை, 1953இல் ஜெமினி ஸ்டுடியோ படத்தில் ஔவையார், 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். கதாநாயகியின் காதல் காட்சி ஒன்றுகூட இல்லாமல் தியேட்டர்களை நிறைத்தவர். தன் நிபந்தனைக்குத் திரையுலகத்தையே இணங்க வைத்தவர் என்றுதான் நான் அவரைச் சொல்வேன்.

* * *

அண்ணா, கே.பி.எஸ். அம்மாவைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். எங்க அப்பாரு அவங்களைப் பாத்தது காங்கிரஸ் கூட்டத்துல. தலைவர்கள் பேசறதுக்கு முந்தி அவங்க பாடுவாங்களாம். பாட்டுக் கேக்க வண்டி கட்டிட்டு வந்த சனம், உக்காந்த எடத்துலயே பேச்சையும் கேட்டுட்டுப் போகுமாம். அப்பாரும் பாட்டுக்குத்தான் போயிருக்காரு. அதுக்கப்புறம் கதர் வேட்டிதான் கட்டினாரு. அவங்க பிறகு சட்ட மேலவை உறுப்பினரானாங்க. இந்தியாவுல சட்டசபைக்குள்ள போன முதல் சினிமாக் கலைஞரே அவங்கதான்னு சொல்றாங்க. பின்னால வந்த எத்தனையோ பேரைப் பத்திப் பேசறோம், இவங்க பேரை யாரும் எடுக்கறதில்லையேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்ண்ணா.