கைப்பேசி வந்த பிறகு கரையில் விலையைச் சொல்வது யார்? இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து ஒரு விவாதம்

தொண்டியார் எழுதியது:

கைப்பேசி பெருகியதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே நன்மை உண்டா என்று இக்குழுவில் ஒருவர் கேட்டதற்கு, "தரகருக்கு மட்டும்தான் நன்மை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை நான் மறுக்கிறேன். என்னிடம் உள்ள சான்றும் ஒரு கடற்கரையைப் பற்றியதே.

ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் வட கேரளத்தின் மத்தி மீனவர்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997 தொடங்கி 2001க்குள் அங்கே கைப்பேசிக் கோபுரங்கள் பகுதி பகுதியாக நிறுவப்பட்டன. கோபுரம் வருவதற்கு முன்பு, 14.1.1997 அன்று காலையில், வடகரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் உள்ள வேறு இரண்டு கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தார்கள். கைப்பேசி வந்த பின்னர் படகுக்காரர்கள் கடலில் இருக்கும்போதே கரைக்குக் கரை விலை கேட்டு, தேவை இருக்கும் கரைக்குப் படகை விட்டார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. இதில் தரகர் எங்கே வருகிறார்?

மண்டபம் கணக்கர் எழுதியது:

அவர் வரும் இடத்தைச் சொல்கிறேன், ஐயா. நான் நண்டு வாங்கும் ஓர் இடத்தில் கணக்கு எழுதுகிறவன். வத்தை என்னும் நாட்டுப்படகோ வலையோ என்ஜினோ வாங்குவதற்கு மீனவர் வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் அவர் பிடிப்பதையெல்லாம் அந்த வியாபாரியிடமே போட வேண்டும், அதுவும் வெளி விலையைவிடக் குறைத்துத்தான் போட வேண்டும். வெளியில் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 கிலோ நண்டு எடுத்தால் 400 ரூபாய் போகிறது. இருந்தும் வாங்கிய முன்பணம் அப்படியே கடனாக நிற்கிறது. இந்த மனிதருக்குப் பத்து ஊர் விலையையும் கைப்பேசி காட்டினால் என்ன பயன்? தான் எவ்வளவு இழக்கிறோம் என்பது முன்பைவிடத் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

நண்டில் இன்னொன்றும் நடக்கிறது. சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளின் விலை காலையிலேயே முகவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு கரையில் ஒருவர் இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்பதும், அடுத்த கரையில் மற்றொருவர் குறைத்துக் கேட்பதுமாக இருந்தது. இப்போது கரை முழுவதும் ஒரே குரலில் விலை சொல்லப்படுகிறது. வாங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குக் கைப்பேசி மிகவும் உதவியிருக்கிறது. விற்கிறவர்கள் இன்னும் தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள்.

நீங்கள் சொன்ன கேரளத்துக் கரைகளை ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் பின்னர் மறுபடியும் ஆராய்ந்து, விற்பனை முறையும் கடன் உறவும் கரைக்குக் கரை மாறுபடுகின்றன, விலைச் செய்தி ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் படகுக்காரர் எழுதியது:

தேவை இருக்கும் கரைக்குப் படகை விடலாம் என்று தொண்டியார் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், வருந்த வேண்டாம். இராமேசுவரம் விசைப்படகு மீன்துறையிடம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறது. போன தளத்துக்கே திரும்பி வருகிறது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இதற்கிடையில் நல்ல விலை இருக்கிறது என்று வேறு ஊருக்கு ஓட்ட எங்கே நேரம், யார் டீசல் போடுவது?

எனக்குக் கைப்பேசியால் வந்த நன்மை காற்றுச் செய்திதான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவர் செயலியில் அதைத் தமிழிலேயே பார்க்கலாம். வாடைக்காலத்தில் நள்ளிரவில் ஐஸும் டீசலும் ஏற்றிவிட்டு, விடியும்போது காற்று கூடித் திரும்பி வந்தால் அந்தச் செலவு முழுவதும் நட்டம். அந்த நட்டம் இப்போது குறைந்திருக்கிறது. இதை ஒருவரும் வியாபாரக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன்.

ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் நம் கோபுரம் எட்டாது. கச்சத்தீவுப் பக்கம் போனால் இலங்கை நிறுவனத்தின் வரவேற்புச் செய்திதான் வருகிறது! 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிக்காரர்கள் பலர் செய்தி எட்டாத தொலைவில் இருந்தார்கள். அதன் பிறகு 2019இல் 'ஜெமினி' என்ற கருவியை வெளியிட்டார்கள். அது செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தருகிறது. செய்தி வரும், நாம் திருப்பிப் பேச முடியாது.

மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் அறிவிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் பார்த்துக் கணிக்கிறது. மேகம் மூடினால் கணிப்பு இல்லை. தரையோடு கிடக்கும் இறாலைத் தேடுகிற இழுவைப் படகுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

தொண்டியார் எழுதியது:

பாம்பன் நண்பர் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் படகு நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் நகர்வது வண்டி. முன்பு மதுரை வண்டிக்காரர் கரைக்கு வந்து, மீன் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வெறும் வண்டியோடு திரும்புவார். அந்த வெறும் ஓட்டத்தின் செலவையும் அடுத்த நாள் மீனின் விலையில்தான் கழிப்பார். இன்று சீலா மீன் எத்தனை பெட்டி, பாறை மீன் எத்தனை பெட்டி என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற ஐஸோடு புறப்படுகிறார். மிச்சமாகும் பணம் மீனவர், வண்டிக்காரர், வாங்குபவர் மூவருக்கும் சம பங்காகப் பிரிகிறது என்று நான் சொல்லவில்லை. பிரிகிறது என்பதே என் வாதம்.

கணக்கர் ஐயாவுக்கு ஒன்று. முன்பணத்தின் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கைப்பேசிக்கு முன்பே இருந்தது. பழைய நோய்க்குப் புதிய மருந்தைக் குற்றம் சொல்லலாமா?

கீழக்கரை வணிகர் எழுதியது:

படகும் வண்டியும் ஒருபுறம் இருக்கட்டும். சில்லறை வியாபாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? நான் நெத்திலி, கணவாய், சீலாக் கருவாடு வாங்கி, கைப்பேசி வழியாகவே வெளியூர்களுக்கு விற்கிறேன். கடை வாடகை இல்லை, பெயர்ப் பலகை இல்லை. வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி "மணல் இருக்குமா?" என்பதுதான். கடற்கரை மணலில் நேரடியாகக் காய்ந்த நெத்திலியை வறுத்தால் பல்லில் நறநறக்கும். நான் வாங்கும் வீட்டில் வலைப்பந்தல் போட்டுக் காய வைக்கிறார்கள். அந்தப் பந்தலையும், ஒரு பிடி நெத்திலியை வெள்ளைத் தட்டில் உதறிக் காட்டுவதையும் காணொளியாக எடுத்து அனுப்புகிறேன். மணலில் காய வைத்தவருக்கும் பந்தலில் காய வைத்தவருக்கும் சந்தையில் ஒரே விலைதான் கிடைத்துக்கொண்டிருந்தது. வாங்குபவர் கண்ணால் பார்க்க முடிந்த பிறகே பந்தலுக்குத் தனி விலை வந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. கணக்கர் அண்ணன் இதை எப்படி மறுப்பார்?

தொல்லையும் உண்டு. ஒரு கூரியர் அலுவலகத்தில் வாசனை வருகிறது என்று பொட்டலத்தை வாங்க மறுத்தார்கள். இரட்டை உறை போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டிய பிறகுதான் எடுத்தார்கள். அடுத்தது எடை. அரை ஈரக் கருவாடு வழியில் காய்ந்து எடை குறைகிறது. வாடிக்கையாளர் வீட்டுத் தராசில் போட்டுப் படம் எடுத்து அனுப்பி, ஏமாற்றிவிட்டாய் என்கிறார். இப்போதெல்லாம் நன்றாகக் காய்ந்ததை மட்டுமே அனுப்புகிறேன்.

தேவிபட்டினம் வாசகி எழுதியது:

வாங்குபவர் தரப்பில் நான் பேசுகிறேன். கீழக்கரை அண்ணன் காட்டும் தட்டில் மணல் இல்லை. என் வீட்டுக்கு வரும் பொட்டலம் அதே தட்டிலிருந்து வந்தது என்பதற்கு என்ன உறுதி? எதிரில் நிற்கும் மீன்காரம்மாவிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம், மறுநாள் வந்து சண்டையும் போடலாம். காணொளியிடம் சண்டை போட முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம் என்பதும் உண்மையே. ஆனால் கால் கிலோ நெத்திலிக்காக யார் அந்தப் படி ஏறுவார்கள்? பொட்டலத்தின்மேல் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் விற்பவரின் முகவரியும் இல்லாத கருவாட்டை நான் வாங்குவதில்லை.

ஆனால் பணம் செலுத்துவதில் கைப்பேசியின் பக்கமே நிற்கிறேன். 2016இல் யுபிஐ வந்தது. 2020 சனவரி முதல் அதற்கு வணிகரிடம் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். எங்கள் சந்தையில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா ஒலிப்பெட்டி வைத்திருக்கிறார். வரவை அது தமிழில் சத்தமாகச் சொன்ன பிறகுதான் மீன் பையை நீட்டுவார். பணம் செலுத்தியதுபோல் போலியான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவ நினைப்பவர் அவரிடம் தோற்றுப்போவார். அந்தப் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது பக்கத்துக் கூடைக்காரிக்கும் கேட்கிறது என்பது வேறு கதை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை என்பதை ஒவ்வொரு கூடைக்காரிக்கும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும்.

மண்டபம் கணக்கர் எழுதியது:

சகோதரி சொன்ன ஒலிப்பெட்டியில் பேசும் பணம் யார் கணக்கில் விழுகிறது என்று கேட்டீர்களா? நான் பார்த்தவரை பல இடங்களில் பணம் செலுத்தும் கியூஆர் அட்டையோடு இணைந்த எண் மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கிறது. முன்பு முந்தானையில் முடிந்த பணம் மாலைவரையாவது அவர் கையில் இருந்தது. சொந்தக் கணக்காக இருந்தாலும், தவணை பாக்கி இருந்தால் வங்கி முதலில் எடுத்துக்கொள்கிறது. மறுநாள் மீன் எடுக்கக் கையில் காசு இல்லை.

கீழக்கரைத் தம்பிக்குப் பதில் சொல்கிறேன். பந்தலுக்குத் தனி விலை வந்தது நல்லது. அந்த வீட்டுக்காரர் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை என்பதால்தான் உங்களுக்கு விற்க முடிகிறது. நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது இதைத்தான்.

சாயல்குடி பனங்காட்டார் எழுதியது:

கருப்பட்டியிலும் இதே நிலைதான். சீனி கலக்காத கருப்பட்டிக்குக் கைப்பேசி வழியே நல்ல விலை தருகிறார்கள். பருவத்துக்கு முன்பே கடன் வாங்கிய பனையேறியின் கருப்பட்டி மட்டும் காய்ச்சிய அன்றே வியாபாரி வீட்டுக்குப் போய்விடுகிறது. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து நேரடியாக விற்பவர்களும் கடன் இல்லாதவர்களே.

தொண்டியார் எழுதியது:

பனங்காட்டாரும் கணக்கரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், கடன் இல்லாதவருக்குக் கைப்பேசி பயன்படுகிறது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. கடன் உள்ளவரைப் பற்றியே வேறுபாடு. அவருக்கும் ஒரு வழி தெரிகிறது. இன்று கணக்குப் புத்தகம் வியாபாரியிடம் மட்டும் இருக்கிறது. மீனவர் எவ்வளவு போட்டார், எவ்வளவு கழிந்தது என்பது அவருடைய நினைவில்தான் இருக்கிறது. தினமும் எடைச் சீட்டைப் படம் எடுத்து வைத்தால், ஆறு மாதம் கழித்து அதுவே அவருடைய வரவுக் கணக்கு ஆகும். அதைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் கேட்டு, வியாபாரியின் முன்பணத்தை அடைக்கலாம். கணக்கர் ஐயா அந்தச் சீட்டைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர், தருவாரா?

மண்டபம் கணக்கர் எழுதியது:

எடைச் சீட்டு இப்போதும் தருகிறோம். படம் எடுப்பதை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டில் எடையும், எங்கள் விலையும், மொத்தத் தொகையும் மட்டும்தான் இருக்கின்றன. அன்றைய வெளி விலை என்ன, முன்பணத்துக்காகக் கிலோவுக்கு எவ்வளவு குறைத்தோம், முன்பணத்தில் இன்னும் பாக்கி எவ்வளவு என்ற மூன்றுக்கும் அதில் கட்டமே கிடையாது. அவற்றை அச்சடித்துத் தரும்படி முதலாளியிடம் கேட்க வேண்டியவர் நானா, மீனவர் சங்கமா? சங்கம் கேட்டால் மறுநாளே எழுதித் தர நான் தயார்.