பணிய லயத்துச் சொந்தங்கள் (தேயிலைத் தோட்டத்துச் சொந்தக்காரர்களின் போன் குழு)

கோமதி: எல்லாரும் கொஞ்சம் கவனியுங்கள். நேற்று இரவு கரண்ட் இல்லை. டோர்ச் அடித்தால், சரசு அத்தை தூங்குகிறார், இடது கண் மட்டும் பாதி திறந்திருக்கிறது. உள்ளே வெள்ளை விழி தெரிகிறது. பயந்துவிட்டேன்.

ராஜு மாமா: பனிக்காற்று பிடித்திருக்கும். தலவாக்கலையில் இப்போது குளிர் அப்படி. காதைக் கட்டிக்கொண்டு படுக்கச் சொல்.

கோமதி: காலையில் கண் சிவந்திருந்தது மாமா. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், தேயிலைக் கொழுந்துத் துணுக்கு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. உறுத்தவில்லையா என்றால், "என்னத்த உறுத்த" என்கிறார்.

தேவி அக்கா: அத்தை தொழுநோய் மருந்தை எப்போது முடித்தார்?

கோமதி: 12 அட்டையும் முடித்து 4 வருஷம்.

தேவி அக்கா: அப்போ இது காற்று இல்லை. மருந்து கிருமியைத்தான் கொல்லும். நரம்பில் பட்ட அடி அப்படியே நிற்கும், சிலருக்கு மருந்து முடிந்த பிறகும் நரம்பு வீங்கும். முகத்து நரம்பு தளர்ந்தால் இமை மூடாது. விழிக்கு உணர்வு போய்விட்டால் தூசி விழுந்தாலும் தெரியாது, சிமிட்டவும் தோன்றாது. கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும்.

சரசு அத்தை: வலியே இல்லையே பிள்ளை. அந்த வியாதிப் பேரை இங்க போடாதீங்க.

தேவி அக்கா: வலி இருந்திருந்தால் நீங்களே போயிருப்பீர்கள் அத்தை. அதனால்தான் எனக்குப் பயம்.

குமார் அண்ணன்: இங்கே இருப்பது எல்லாம் நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளைகள்தான் அத்தை.

ராஜு மாமா: அந்த வியாதி இலங்கையில் 1995லேயே ஒழிந்துவிட்டது என்றார்களே?

தேவி அக்கா: 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கு அது மாமா. இன்னும் வருஷத்துக்கு 1000 பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

கோமதி: டவுனில் ஒரு பாமசியில் சொட்டு மருந்து வாங்கினேன் அக்கா. கண்ணைப் பார்க்காமலே தந்தார்கள்.

தேவி அக்கா: போடாதே! அதில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட் இருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால் பார்வையே போய்விடும். நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. தொழுநோய்க்கு மருந்து எடுத்தவர் என்று முதலிலேயே சொல். இமை தளர்ந்து 6 மாதத்துக்குள் என்றால் நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையில் நரம்பு திரும்ப வாய்ப்புண்டு. பழையது என்றால் இமை ஓரத்தைக் கொஞ்சம் தைத்துவிடுவார்கள், சின்ன ஒபரேஷன்தான். அதுவரை முந்தானையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் கறுப்புக் கண்ணாடி.

சரசு அத்தை: நாளைக்கு வேலைப் பேர் போகுமே, ஒரு நாள் கூலி கிடைக்காதே.

குமார் அண்ணன்: ஒரு நாள் பேர்தானே அத்தை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆட்டோ கொண்டு வருகிறேன்.

தேவி அக்கா: கோமதி, இப்போது தூங்குவது போல மெதுவாகக் கண்ணை மூடச் சொல்.

கோமதி: ஒரு அரிசி அகலம் திறந்தே நிற்கிறது. இறுக்கினால் முழுக்க மூடுகிறது.

தேவி அக்கா: மூடுகிறதா? அப்பாடா, தசையில் இன்னும் பலம் இருக்கிறது. அதை டொக்டரிடம் இப்படியே சொல்.

சரசு அத்தை: கிளினிக் கொப்பி தகரப் பெட்டியில இருக்கு. அஞ்சரைக்கு வா குமாரு.